எருமை ஏன் திரும்பி வந்தது?

குற்றாலிங்கம் வாத்தியாரை ஓர் இடத்தில் உட்கார வைக்க ஆண்டவனாலும் முடியாது. வகுப்பில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு, அது துண்டு போட மட்டும்தான். முப்பது வருஷமாக நடந்துகொண்டேதான் பாடம் நடத்துகிறார். கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாய்விட்டு வாசிப்பது அவருடைய இன்னொரு பழக்கம். கடை போர்டு, கல்யாண போஸ்டர், தீப்பெட்டி லேபிள், எதுவும் அவரிடமிருந்து தப்பாது. இத்தனையும் வாசிக்கிற மனுஷன் என்ன வாசித்தோம் என்று ஒரு நிமிஷம் நின்று யோசிப்பாரா என்றால், அதற்குள் அடுத்த போர்டு வந்துவிடும்.

அன்று வியாழக்கிழமை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஏழாம் வகுப்பு விடைத்தாள் கட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற மாங்கேணி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினார். இருப்புக்கொள்ளவில்லை அவருக்கு. சாமியம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

சாமியம்மா மாங்கேணி ஆசிரமத்தின் தலைவி. வாத்தியாரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். துறவுக்கு வருமுன் பஸ் டிப்போவில் ஊர்ப் பெயர் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். இருந்தாலும் வாத்தியாருக்கு அவர்தான் குரு. மனசு குழம்பினால் பஸ் ஏறிவிடுவார்.

உள்ளே போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. விலக்கிலேயே, வேப்பமரத்தடியில், சாமியம்மா ஒரு தகர போர்டைக் கல்லின் மேல் சாத்தி வைத்து வெள்ளை அடித்த பரப்பில் கறுப்பு பெயின்டால் எழுதிக்கொண்டிருந்தார். ‘மாங்’ வரைக்கும் முடிந்திருந்தது.

"வாங்க வாத்தியாரய்யா. நல்ல நேரத்துல வந்தீங்க. காத்துல போர்டு ஆடுது. கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

வாத்தியார் ஒரு கையால் போர்டைப் பிடித்தார். கண் சும்மா இருக்குமா? பக்கத்தில் மின்கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீசுக்குத் தாவிவிட்டது. மணி அடித்த மாதிரி கணீரென்று வாசித்தார்.

"நூற்பாலை வேலைக்குப் பெண் பிள்ளைகள் தேவை. மூன்று வேளைச் சாப்பாடு, தங்கும் இடம் இலவசம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊர் விலக்குகளில் பஸ் நிற்கும்."

"என்ன போட்டிருக்கு?" என்றார் சாமியம்மா, தூரிகையை எடுக்காமல்.

"ஏதோ மில் விளம்பரம். அதை விடுங்க, என் கஷ்டத்தைக் கேளுங்க."

"போர்டை ஆட்டாம சொல்லுங்க."

"நாளைக்கு அதிகாரிங்க வாராங்க சாமியம்மா. ஏழாம் வகுப்புக்கு வாசிப்புத் தேர்வு. ஒரு பத்தி கொடுப்பாங்க, கேள்வி கேப்பாங்க. என் பிள்ளைங்க தடங்கல் இல்லாம வாசிக்கும். ஆனா வாசிச்சதுல என்ன இருக்குன்னு கேட்டா முழிக்கும். போன தடவை எங்க பள்ளிக்கூடந்தான் கடைசி. ஹெட்மாஸ்டர் எல்லார் முன்னாலயும் என் மானத்தை வாங்கிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறந்தான் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். கொக்கி முறைன்னு பேரு." வாத்தியாருக்குக் குரலில் பெருமை ஏறியது. "கேள்வியில இருக்கிற வார்த்தையைப் பத்தியில தேடணும். அது எந்த வரியில மாட்டுதோ, அந்த வரியை அப்படியே எழுதணும். அவ்வளவுதான். இருபத்தேழு பிள்ளைங்க பிடிச்சுக்கிட்டாங்க. நாலு பிள்ளைங்க தேறல."

"நாலு பேரையும் என்ன செய்யப் போறீங்க?"

வாத்தியார் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். இந்தக் கேள்விக்குத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்தது.

"நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுருங்கன்னு இன்னைக்குக் காலையில சொல்லிட்டேன். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நடக்கிறதுதான். ஆனாலும் மனசு ஒப்பல சாமியம்மா. மூணு பேர் அழுதுட்டாங்க. அவங்களை வரச் சொல்லிடலாமான்னுகூட இருக்கு. மாடத்தின்னு ஒருத்தி. அவ மட்டும் அழல. 'சரி சார், நாளைக்கு எப்படியும் நான் வர முடியாது'ன்னு சொல்லிட்டு, நூலகப் புத்தகத்தையும் பாடப் புத்தகத்தையும் எடுத்து மேஜையில அடுக்கி வச்சுட்டுப் போயிட்டா. ஒழுங்கான பிள்ளை. படிப்புத்தான் ஏறல."

"புத்தகத்தை நீங்க கேட்டீங்களா?"

"இல்ல. அவளாத்தான் கொடுத்தா."

சாமியம்மா ‘கே’ எழுதி முடித்துத் தூரிகையைப் பெயின்டில் தோய்த்தார்.

"அவ வீட்டுக்கும் தெரியும்," என்றார் வாத்தியார். "போன மாசம் பெற்றோர் கூட்டத்துல அவ அப்பன் செல்லத்துரைகிட்ட நேராவே சொல்லிட்டேன். உங்க பிள்ளைக்குப் படிப்பு ஏறாதுங்க, வேற ஏதாவது கைத்தொழில் பாருங்கன்னு. பாவம், தேங்கா உரிக்கிற மனுஷன். கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுட்டுப் போனாரு. இப்ப நீங்க சொல்லுங்க. நாளைக்கு மாடத்தி வரலாமா, வேண்டாமா?"

"அவளுக்குப் புரியலன்னு எதை வச்சுச் சொல்லுதீங்க?"

"எதை வச்சா! இதோ இருக்கே கூத்து." வாத்தியார் போர்டை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு கட்டைப் பிரித்தார். மேலேயே இருந்தது மாடத்தியின் தாள். முந்தாநாள் வைத்த மாதிரித் தேர்வு. "பாருங்க."

"கையெல்லாம் பெயின்ட். நீங்களே வாசிங்க."

வாசிக்கச் சொன்னால் வாத்தியாருக்குக் கேட்கவா வேண்டும்? முதலில் பத்தியை வாசித்தார்.

"வேலாண்டி என்பவர் ஓர் எருமை வளர்த்தார். ஒரு நாள் அதை அயலூர்க்காரர் ஒருவருக்கு விற்றார். புதிய வீட்டில் எருமைக்குப் பச்சைப்புல்லும் புண்ணாக்கும் கிடைத்தன. ஆனாலும் மூன்றாம் நாள் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு, பத்து கிலோமீட்டர் நடந்து, பழைய வீட்டு வாசலில் வந்து நின்றது. வேலாண்டி அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தார்."

"நல்லா இருக்கு," என்றார் சாமியம்மா.

"இப்ப இவ பதிலைக் கேளுங்க. முதல் கேள்வி, எருமையை விற்றவர் யார்? பத்தியில பேர் கொட்டை எழுத்துல கிடக்கு, வேலாண்டின்னு. இவ எழுதியிருக்கா, 'அப்பா. விற்ற அன்று அவர் சாப்பிடவில்லை.' எருமைக்கு ஏது அப்பான்னு கேட்டேன், வகுப்பே சிரிச்சு உருண்டுட்டுது."

சாமியம்மா சிரிக்கவில்லை.

"ரெண்டாவது, புதிய வீட்டில் எருமைக்கு என்ன கிடைத்தது? 'மூன்று வேளைச் சாப்பாடும் தங்க இடமும்.' எருமைக்கு! நான் பக்கத்துல 'தவறு, பச்சைப்புல், புண்ணாக்கு'ன்னு எழுதியிருக்கேன். மூணாவது, எருமை ஏன் திரும்பி வந்தது? 'எருமையை நடத்திக் கூட்டிப் போனார்கள். அதனால் வழி தெரிந்தது. பஸ்ஸில் ஏற்றியிருந்தால் திரும்பி வந்திருக்காது.' இதுக்குக் கேள்விக்குறி ரெண்டு போட்டேன். நாலாவதுதான் இருக்கிறதுலயே லேசு. எருமை வந்ததும் வேலாண்டி என்ன செய்தார்? கடைசி வரியை அப்படியே எடுத்து எழுத வேண்டியதுதானே? அதுக்கு ஒண்ணுமே எழுதல. வெறுமையா விட்டிருக்கா."

"அஞ்சாவது?"

"நீ அந்த எருமையாக இருந்தால் என்ன செய்வாய்? 'ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வழியில் உள்ள ஊர்ப் பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வேன்.' எருமைக்கு எழுதத் தெரியுமான்னு கேட்டு, முட்டை போட்டுட்டேன். பத்துக்கு முட்டை."

காற்றில் தாள் படபடத்தது. சாமியம்மா ‘ணி’க்குச் சுழி போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை வாசிங்க."

"எதுக்கு?"

"காது சரியா வாங்கல."

வாத்தியார் மறுபடி வாசித்தார். இந்தத் தடவை இன்னும் வேகம். மூணு நாற்பதுக்குத் திரும்புகிற பஸ். அதை விட்டால் ஆறு மணிக்குத்தான். வாய் வாசிக்க, கண் கடிகாரத்தில் இருந்தது. தன் சிவப்பு மைக் குறிப்புகளையும் ஒன்று விடாமல் வாசித்தார்.

"மாடத்தி எங்கேயாவது போறாளா?" என்றார் சாமியம்மா.

"எங்க போறா? அப்படி ஒரு வரி இதுல இல்லையே."

"இல்லைதான்."

"பின்ன எதை வச்சுக் கேக்கீங்க?"

"இன்னும் ஒரு தடவை வாசிங்க. கேள்வியை விட்டுடுங்க. உங்க சிவப்பு மையையும் விட்டுடுங்க. அவ எழுதினதை மட்டும். மெதுவா."

வாத்தியாருக்குக் கோபமே வந்துவிட்டது. மூன்று தடவை ஒரே தாளை வாசிக்க வைக்க அவர் என்ன ஒன்றாம் வகுப்புப் பிள்ளையா? பஸ் வருகிற நேரம். போர்டு முழங்காலில் அழுத்துகிறது. இருந்தாலும் குரு சொல்லியாயிற்று.

"அப்பா," என்று ஆரம்பித்தார். "விற்ற அன்று அவர் சாப்பிடவில்லை. மூன்று வேளைச் சாப்பாடும் தங்க இடமும்..."

வாய் நின்றது. இதை எங்கேயோ வாசித்திருக்கிறோமே என்று பட்டது. எங்கே என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. தலையைத் திருப்பினால் மின்கம்பம்.

நோட்டீசை இந்தத் தடவை வாய்விட்டு வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வெள்ளிக்கிழமை. ஆறு மணி. ஊர் விலக்குகளில்.

மறுபடி தாளைப் பார்த்தார். பஸ்ஸில் ஏற்றியிருந்தால் திரும்பி வந்திருக்காது. ஜன்னல் ஓரம். ஊர்ப் பெயர்களையெல்லாம் வரிசையாக.

நாளைக்கு எப்படியும் நான் வர முடியாது சார்.

"ஐயையோ," என்றார் வாத்தியார்.

போர்டு முழங்காலிலிருந்து நழுவிச் சாய்ந்தது. சாமியம்மா பெயின்ட் படிந்த கையால் அதைப் பிடித்து நிறுத்தினார். ‘ணி’ கொஞ்சம் இழுகிப்போனது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அந்தப் பிள்ளையை மில்லுக்கு அனுப்புதாங்க சாமியம்மா! பன்னிரண்டு வயசு! பாவி நான், இதை வச்சுக்கிட்டு வகுப்புல சிரிச்சேன். அவளை வச்சுக்கிட்டே சிரிச்சேன். அவ எனக்கு எழுதிக் கொடுத்திருக்கா, நான் எருமைக்கு எழுதத் தெரியுமான்னு..."

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைத் திறக்க முடியாமல் திருகினார். முட்டையை அடித்துவிட்டுப் பத்துக்குப் பத்து போட வேண்டும். இப்போதே போட வேண்டும்.

"அதைப் போட்டு முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிடும்," என்றார் சாமியம்மா.

தூரத்தில் ஹாரன் கேட்டது. வாத்தியார் பேனாவைப் பைக்குள் திணித்து, மற்ற முப்பது தாள்களையும் வேப்பமரத்தடியிலேயே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார். கையைக் காட்டினார். பஸ் நின்றது. ஏறப்போனவர் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"செல்லத்துரைகிட்டப் போய் நான் என்ன சாமியம்மா சொல்லுவேன்? ஏறாதுன்னு சொன்னதே நான்தானே? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

"சொல்ல வேண்டாம்," என்றார் சாமியம்மா. "வாசிங்க."

பஸ் கிளம்பியது. போர்டைத் தாண்டியதும் அதன் பின்பக்கம் தெரிந்தது. அந்தப் பக்கமும் வெள்ளை அடித்துத் தயாராக இருந்தது. எழுத்து இன்னும் ஒன்றும் இல்லை. வாத்தியார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். வழியில் எத்தனையோ போர்டு வந்தது. ஒன்றைக்கூட அவர் வாய்விட்டு வாசிக்கவில்லை.

செல்லத்துரை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஐந்து மணி. வாசலில் தேங்காய் மட்டை குவிந்து கிடந்தது. உரிக்கிற பாரை நட்டபடி நிற்க, செல்லத்துரை வேலை செய்யாமல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே, சுவர் ஓரமாக ஒரு துணிப்பை வாய் கட்டித் தயாராக இருந்தது. வாத்தியாரைப் பார்த்ததும் அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சார். என்ன, இவ்வளவு தூரம்? புத்தகமெல்லாம் கொடுத்துட்டேன்னு சொன்னாளே. ஏதும் பாக்கியா?"

"அதெல்லாம் இல்ல."

"நீங்க சொன்னதுல தப்பே இல்ல சார். ஏறாத படிப்பை என்ன செய்ய? மில்லுல சாப்பாடாவது நேரத்துக்குக் கிடைக்கும்." அவர் வாத்தியாரைப் பார்த்துப் பேசவில்லை, பாரையைப் பார்த்துப் பேசினார். "காலையில பஸ்."

வாத்தியாருக்கு ஆயிரம் வார்த்தை நாக்கில் வந்து முட்டியது. முப்பது வருஷமாகப் பேசிப் பிழைக்கிற வாய். அதை அடக்கிக்கொண்டு தாளை எடுத்தார். மேல் மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் இருந்த முட்டையைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டார்.

"மாடத்தி எழுதின பரீட்சைத் தாள்."

"எனக்கு எழுத்து அவ்வளவா வராது சார்."

"நான் வாசிக்கேன். நீங்க உட்காருங்க."

செல்லத்துரை உட்கார்ந்தார். வாத்தியாரும் உட்கார்ந்தார், தேங்காய் மட்டையின் மேல். முதலில் எருமைக் கதையை வாசித்தார். பிறகு கேள்வியும் பதிலுமாக, அவசரமில்லாமல் வாசித்தார்.

"எருமையை விற்றவர் யார்? அப்பா. விற்ற அன்று அவர் சாப்பிடவில்லை."

செல்லத்துரையின் தலை நிமிர்ந்தது. அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது. அங்கே இருந்தவள் மாடத்தியின் தாய். செல்லத்துரை திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார்; அவள், மூன்று நாளாக அவர் தொடாமல் மூடியே கிடந்த சோற்றுச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாத்தியார் இரண்டாவதை வாசித்தார். மூன்றாவதை வாசித்தார். பஸ்ஸில் ஏற்றியிருந்தால் திரும்பி வந்திருக்காது என்ற இடத்தில் செல்லத்துரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நாலாவதைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போனார் வாத்தியார். ஜன்னல் ஓரம், ஊர்ப் பெயர்கள், வரிசையாக. வாசித்து முடித்தார்.



"நாலாவதை விட்டுட்டீங்களே சார்," என்றார் செல்லத்துரை.

"எருமை வந்ததும் வேலாண்டி என்ன செய்தார்னு கேள்வி."

"என்ன எழுதியிருக்கா?"

"அதுக்கு மட்டும் ஒண்ணும் எழுதல."

செல்லத்துரை அந்த வெற்றிடத்தைத் தானே பார்க்க வேண்டும் என்பதுபோல் எட்டிப் பார்த்தார். வாத்தியார் விரலை எடுக்காமல் தாளைக் காட்டினார். இரண்டு கோடு, நடுவில் எழுத்தே இல்லை.

"ஏளா மாடத்தி," என்று செல்லத்துரை கூப்பிட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து வந்து நின்றாள். சீருடையைக் கழற்றியிருந்தாள். வாத்தியாரைப் பார்க்கவில்லை.

செல்லத்துரை எழுந்து போய், நார் ஒட்டியிருந்த கையால் அவள் நெற்றியில் விழுந்து கிடந்த முடியை ஒதுக்கிவிட்டார். ஒருமுறை ஒதுக்கி, மறுபடியும் ஒதுக்கினார்.

"பையை அவுத்துப் பள்ளிக்கூட உடுப்பை வெளிய எடு. காலையில போகணும்லா?"

அவள் அப்பாவையும் வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வா மாடத்தி," என்றார் வாத்தியார். "நாளைக்கு முதல் பெஞ்ச்."

அவள் உள்ளே ஓடினாள். பை முடிச்சை அவிழ்க்கிற சத்தம் வெளியே கேட்டது. செல்லத்துரை முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வாத்தியார் எதிரில் உட்கார்ந்தார். ஒரு மாசத்துக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கூச்சத்தோடு, கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கா, இல்லையா சார்? எத்தனை மார்க் போட்டீங்க?"

குற்றாலிங்கம் வாத்தியார் கட்டை விரலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.